சலேத்தம்மாவின் பாட்டுகளை நாங்கள் கெடுத்த கதை

அண்மையில் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் பகுதிக் கரைப் பாட்டுகளைப் பற்றிய கூட்டம். எனக்கும் அழைப்பு வந்தபடியால் முழங்கால் வலியோடு போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். பேச வந்தவர்களில் ஒருவர், நல்ல படித்த மனுசன், குரலும் நல்ல குரல், இப்படிச் சொன்னார்: "சலேத்தம்மாவின் பாட்டுகளை ஹோட்டல் இசைக்காரர் சிலர் கொழும்புக்குக் கொண்டுபோய், சக்ஸபோனும் பியானோவும் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்." சபை கைதட்டியது. அந்தச் சிலரில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். அவருக்கு நேர் முன்னால் இருந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

வெளியே வரும்போது, இப்போது மேடைகளில் பாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை என் கையைப் பிடித்தது.

"அன்ரி, நீங்கள் ஏன் எழும்பிப் பதில் சொல்லேல்லை?"

"மைக்கை ஒருத்தரும் தரேல்லையே, மகள்."

"அப்ப எழுதுங்கோ."

சரி, எழுதுகிறேன். கெடுத்தோம் என்றால் கெடுத்தோம்தான். எப்படிக் கெடுத்தோம், யாரைக் கேட்டுக் கெடுத்தோம், யார் மறிக்க மறிக்கக் கெடுத்தோம் என்பதையும் கேட்டுவிட்டுப் பிறகு கைதட்டுங்கள்.

என் பெயர் எமில்டா. பிறந்தது தோட்டவெளி. கன்னியாஸ்திரிகளிடம் படித்து, கோயிலில் பாடி, தட்டெழுத்துப் பழகி, கொழும்பில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு பூசையில் நான் பாடியதைக் கேட்ட ஒஸ்வல்ட் மாஸ்டர், கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் வாசித்துவந்த தன் ஜாஸ் குழுவுக்கு என்னைக் கூப்பிட்டார். கந்தோரை விட்டேன். "ஹோட்டலில பாடுற பெட்டைக்கு ஆர் மாப்பிள்ளை தருவான்?" என்று அப்பா கேட்டார். "தராட்டி விடட்டும்," என்றேன். ஒருவரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தலை நரைக்கும்வரை அந்த மேடையில் பாடித்தான் ஓய்வு பெற்றேன்.

மாஸ்டரைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர் ஐரோப்பிய வழி வந்த பறங்கியர். தகப்பன் தலைமன்னார் ரயிலில் கார்ட்டாக இருந்தவர். மாஸ்டர் சிறுவயதில் இறங்குதுறையடியில் வளர்ந்ததால் அவருடைய தமிழ் எங்கள் தமிழ்தான். மெலிந்த ஆள். எந்த வெக்கையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். பாடும்போது பிழை விட்டால் ஏசமாட்டார், நிறுத்தவும் மாட்டார். பியானோவில் இருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துவிடுவார். நீங்கள் அந்தரத்தில் தனியே பாடிக்கொண்டிருக்கவேண்டும். உங்கள் பிழையை நீங்களே கேட்டு, நீங்களே சரிப்படுத்தி வந்த பிறகு, ஒன்றுமே நடக்காதவர் போலக் கைகளைத் திரும்பத் தூக்கி வைப்பார். முதல் வருடம் முழுக்க நான் பயந்தது சனத்துக்கு இல்லை, மடியில் கிடந்த அந்தக் கைகளுக்குத்தான்.

குழுவில் இன்னும் இரண்டு பேர். சக்ஸபோன் வாசித்த நிமால் நீர்கொழும்புச் சிங்களவர். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. பாறூக் மலாய்க்காரர். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு விரலால் சுண்டுவார். நாங்கள் பாடியதெல்லாம் இங்கிலீஷ் பாட்டுகள்.

ஒரு பகல் ஒத்திகையில், செத்துப்போன ஓர் அமெரிக்கப் பாடகியின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு நிகழ்ச்சி செய்வோம் என்றார் மாஸ்டர். ஜாஸ்காரர் மத்தியில் அது பழைய வழக்கம். தனக்கு முன்னே பாடிப்போனவளுடைய பாட்டுகளை எடுத்துத் தன் குரலில், தன் போக்கில் பாடி ஓர் இசைத்தட்டே போடுவார்கள். அது அவளுக்குச் செய்கிற மரியாதை. அவளைப் போலவே பாடினால் அது மரியாதை இல்லை, பகிடி என்பார் மாஸ்டர்.

"எனக்கு முன்னம் பாடினவ அவ இல்லையே, மாஸ்டர்," என்றேன். வாய்க்கொழுப்புத்தான்.

"அப்ப ஆர்?"

"சலேத்தம்மா."

"அதார் சலேத்தம்மா?"

தாழ்வுபாட்டுக்கு அப்பால் ஒரு சின்னக் கரை இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். என் சின்னம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூட விடுமுறைகளில் அங்கே போய் நிற்பேன். சலேத்தம்மா அந்தக் கரையில் கருவாடு காயவைத்துப் பிழைத்தவர். கரைவலை இழுக்க ஆள் குறைந்தால் ஆண்களோடு நின்று கயிறு பிடிப்பார். இழுவைப் பாட்டின் முதல் குரலும் அவருடையதுதான். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளின் புலம்பலை அவர் எடுத்தால் கோயில் முழுக்க மூச்சுக் காட்டாது. கலியாண வீட்டில் மாப்பிள்ளைப் பகுதியை நக்கலடித்து அவர் எடுக்கும் பாட்டுக்குப் பயந்து, மாப்பிள்ளைமார் முன்கூட்டியே வந்து நல்ல கதை கதைப்பார்களாம். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அவர் செத்துப்போனார். அவர் குரலை எவரும் நாடாவில் பிடித்து வைக்கவில்லை.

"பாடு," என்றார் மாஸ்டர்.

ஓர் இழுவைப் பாட்டை எடுத்தேன். பாதியில் பார்த்தால் மாஸ்டரின் கைகள் மடியில் கிடந்தன. ஆனாலும் நிறுத்தாமல் பாடி முடித்தேன்.

"என்ன பிழை, மாஸ்டர்?"

"பிழை இல்லை. நான் எங்க நிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அவ என்ன வேலை செய்துகொண்டு இதைப் பாடினவ?"

"கரைவலை இழுத்துக்கொண்டு."

"கயிறு எந்தச் சொல்லில இழுபடும்?"

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. எழும்பி நின்று, கையில் இல்லாத கயிற்றைப் பிடித்து, குதிக்காலை ஊன்றி இழுத்துக்கொண்டு பாடினேன். "சொல்லில இல்லை, மாஸ்டர். சொல் முடிஞ்ச பிறகு, அந்த இடைவெளியிலதான் இழுக்கிறது." பாறூக் உடனே அந்த இடைவெளியில் தந்தியைச் சுண்டினார். திரும்பப் பாடினேன், திரும்பச் சுண்டினார். அறை முழுக்கக் கயிறு இழுபடுவது போல இருந்தது. மாஸ்டர் எழும்பிக் கோட்டுப் பொத்தானைப் போட்டார். அவருக்குச் சந்தோசம் வந்தால் அப்படித்தான்.

"இந்த இடத்தைப் பிடிக்கத்தானே நான் இவ்வளவு வருசமும் அமெரிக்காக்காரன்ர இசைத்தட்டைத் தேய்ச்சனான்," என்றார். "எமில்டா, ஒரு கசற் போடுவம். முழுக்கச் சலேத்தம்மா."

அதன் பிறகு, அந்தக் கசற் நாடாவுக்காக, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒழுங்குதான். முதலில் வரிகளை ராகமில்லாமல், ஆளோடு கதைப்பது போலச் சொல்லவேண்டும். பிறகு அந்தப் பாட்டுக்குரிய வேலையைச் செய்துகொண்டு பாடவேண்டும். கருவாடு பிரட்டுகிற பாட்டுக்கு ஹோட்டல் கம்பளத்தில் குந்தியிருந்து இல்லாத மீனைப் பிரட்டினேன். கதவைத் திறந்த பரிசாரகர் ஒருவர் திரும்பச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பிறகு பேஸ் மட்டும் சேரும். அது சரிவந்தால் சக்ஸபோன். எல்லாம் முடிந்த பிறகுதான் பியானோ. "பியானோ பெரிய வீட்டுப் பிள்ளை," என்பார் மாஸ்டர். "முதலே உள்ள விட்டால் எல்லாற்ற இடத்தையும் பிடிச்சுப்போடும்."

தவக்காலப் புலம்பலில் ஒரு சுரம் எங்களுக்குத் தண்ணி காட்டியது. சலேத்தம்மாவின் வாயில் அது பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும் சுரம். மேல் கட்டைக்கு ஏற்றிப் பாடினால் பூசைப் பாட்டாகிவிடும். கீழ்க் கட்டைக்கு இறக்கினால் செத்த வீடு. மாஸ்டர் மேலே தட்டிப் பார்த்தார், கீழே தட்டிப் பார்த்தார், இரண்டையும் சேர்த்து அமத்திப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் வேணுமெண்டால் பியானோவுக்குக் கிட்ட வாறன், மாஸ்டர்."

"வராதே!" அன்றைக்குத்தான் அவர் என்னோடு சத்தம் போட்டார். "ஜாஸிலயும் இப்பிடி ஒரு சுரம் இருக்கு. பியானோவைச் செய்தவனுக்கு அது தெரியாது. நீ நில். நான் விலகிறன்."

விலகினார். அந்தப் பாட்டு முழுக்க, அந்தச் சுரம் வருகிற இடமெல்லாம் அவர் விரல் ஒதுங்கியே நிற்கும். சுற்றிவர வாசிப்பார், நடுவை எனக்கு விடுவார். கூட்டத்தில் பேசிய மனுசனுக்கு அந்தக் கசற் கிடைத்தால் அந்த இடத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். பியானோ கெடுத்ததா, வழி விட்டதா என்று அப்போது சொல்லட்டும்.

ஆனால் ஒரு பாட்டு மிச்சமாக நின்றது. சலேத்தம்மாவின் புருசன் போன தோணி ஒரு வாடைக்காற்று நேரம் கரைக்குத் திரும்பவில்லை. அதற்கு அவர் ஒரு புலம்பல் கட்டினார். அந்தக் கரையில் எல்லாருக்கும் அதில், அடிக்கு நாலு வரியாக, மூன்று அடிகள் தெரியும், எனக்கும் தெரியும்.

"மற்றதெல்லாம் ஊர்ப் பாட்டு," என்றார் மாஸ்டர். "அவவின்ர சொந்தப் பாட்டு இது ஒண்டுதான். இதில்லாமல் கசற்றில அவவின்ர பேரைப் போடேலாது. ஆரிட்டக் கேக்கவேணும்?"

"மகள் இருக்கிறா."

"போய்க் கேள். அவ வேண்டாமெண்டால் வேண்டாம்தான். நீ அங்க வாய் காட்டிப்போட்டு வராதே."

வாய் காட்டாமல் வர என்னால் முடியுமா?

மகள் பிலோமினாவுக்கு மன்னார்ச் சந்தையில் கருவாட்டுக் கடை. நான் போனபோது வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கட்டா மீனைக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். சின்ன வயதில் கண்ட பழக்கத்தில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"பிலோமினாக்கா, அம்மாவின்ர தோணிப் பாட்டை நாங்கள் கசற்றில பதிய விரும்புறம். உங்களைக் கேக்க வந்தனான்."

நிமிரவில்லை. "அது பாட்டில்லை. என்ர அப்பு."

"மரியாதையாத்தான் செய்வம்."

"எங்க? ஹோட்டலிலயோ? குடிச்சுக்கொண்டு இருக்கிறவங்களுக்கு முன்னாலயோ?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. "குடிச்சுக்கொண்டு இருக்கிறவங்களுக்கு முன்னால பாடித்தான் அக்கா நான் சோறு தின்னுறன். அதுக்கு நான் வெக்கப்படேல்லை. உங்கட அம்மா கலியாண வீடுகளில பாடேக்க, அங்க இருந்தவங்களெல்லாம் பச்சைத் தண்ணியோ குடிச்சுக்கொண்டு இருந்தவங்கள்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த மீனைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வாய் இருக்கு உனக்கு," என்றார். "சரி. உன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா. எங்கட கரையில, எங்கட சனத்துக்கு முன்னால பாடு. கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தோம். பாறூக்கின் பேஸுக்கு ஓர் ஆளுக்குரிய இருக்கை பிடித்துக் கொடுத்தோம். பியானோவைக் கொண்டுவர முடியாது, மாஸ்டர் அக்கோடியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கோட்டுத்தான், வேறென்ன.

வந்து சேர முதலே கதை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கரையில் பெரிய தோணிகளும் வலைகளும் வஸ்தியாம்பிள்ளை சம்மாட்டியாருக்குச் சொந்தம். கடலுக்குப் போகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் வேலை செய்கிறவர்கள். கோயில் மண்டபத்துச் சபைக்கும் அவர்தான் தலைவர். பாட மண்டபம் தரமுடியாது என்று சொல்லி அனுப்பியதோடு நிற்காமல், சின்னம்மா வீட்டுக்கு நேரே வந்தார்.

"நல்ல குடும்பத்துப் பெட்டை நீ," என்றார் என்னிடம். "பறங்கியையும் சிங்களவனையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கட கரையில கூத்தாடப் போறியோ? தவக்காலப் பாட்டை ஊதுகுழலில ஊதப் போறியோ?"

"கூத்தாடேல்லை ஐயா, பாடப்போறம். நீங்களும் வாங்கோ. உங்களுக்கு முன்னுக்குக் கதிரை போட்டு வைக்கிறன்."

சின்னம்மா உள்ளே நின்று சிலுவை அடையாளம் போட்டார். நான் பங்குக் குருவான சுவாமியிடம் போய் முறையிட்டேன். அவர் நரைத் தாடியைத் தடவிக்கொண்டு, "மண்டபக் கதவுத் திறப்புச் சபையிட்ட இருக்கு, பிள்ளை," என்றார். "கடற்கரைத் திறப்பு ஒருத்தரிட்டயும் இல்லை."

மீன் வைக்கும் ஓலைக் கொட்டிலான வாடிக்குப் பக்கத்து மணலில் நின்றோம். வெயில் தணிந்து, காயவைத்த மீனை அள்ளி முடித்த நேரம். சனம் தூரத் தூர நின்றது. சம்மாட்டியாருக்குத் தெரியப் பக்கத்தில் வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவரோ நான் போட்ட கதிரையில் வந்து இருந்தார், பிரம்பைக் காலுக்கு நடுவில் ஊன்றியபடி. நிமால் சக்ஸபோனில் முதல் சத்தத்தை எடுக்க, வாடிக்குப் பின்னால் மேய்ந்துகொண்டு நின்ற கழுதை ஒன்று அதே சுருதியில் பதில் சொன்னது. நிமால் கழுதைக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். சனம் வெடித்துச் சிரித்தது, சிரித்துக்கொண்டே கிட்ட வந்தது.

இழுவைப் பாட்டு எடுத்ததும் ஆண்கள் தாங்களாகவே மறுகுரல் கொடுத்தார்கள். பாறூக் எந்த இடைவெளியில் சுண்டினாரோ அந்த இடைவெளியில் அவர்களுடைய தோள்கள் அசைந்தன. கலியாணப் பாட்டுக்குப் பெண்கள் சிரித்தார்கள். புலம்பலுக்கு முக்காடு இழுத்துவிட்டார்கள். பிலோமினாக்கா மட்டும் வாடித் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாகத் தோணிப் பாட்டு. மாதாவைக் கூப்பிடுகிற முதல் அடி, காற்றைக் கேட்கிற இரண்டாவது அடி, பொழுது சாய்ந்த பிறகும் கரையில் நிற்கிற மூன்றாவது அடி. உயிரைக் கொடுத்துத்தான் பாடினேன்.

பிலோமினாக்கா தூணை விட்டு வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா."

"முடியேல்லை."

சம்மாட்டியாருக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். புலம்பலின் அதே ராகம்தான், ஆனால் அழுகை இல்லை. சந்தையில் நின்று ஆளை மறித்துக் கேட்கிற குரல்.

கிழிஞ்ச பாய் எண்டு சொல்லக் கேக்கலையே சம்மாட்டி
கிழியாத பாய் விரிச்சுக் கிடந்தியே சம்மாட்டி
ரெண்டு பேர் படுத்த பாயில் ஒருத்தி இப்ப சம்மாட்டி
எழும்பி வந்து பதிலொண்டு சொல்லிப் போடு சம்மாட்டி

இப்படி ஓர் அடி இருப்பதே எனக்குத் தெரியாது. சுற்றி நின்ற வயது போனவர்களின் முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் மணலைப் பார்த்தார்கள்.

வஸ்தியாம்பிள்ளை சம்மாட்டியார் எழும்பினார். கதிரை பின்னுக்கு விழுந்தது. "நிப்பாட்டு!" என்று கத்தினார். "நிப்பாட்டச் சொல்லுறன்!"

நிமாலுக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? பெரிய மனுசன் ஒருவர் எழும்பி நின்று கையை வீசிக் கத்துவதைக் கண்டார். பாட்டு நன்றாயிருக்கிறது, சேர்ந்து வாசி என்று சொல்கிறார் என நினைத்துவிட்டார். சக்ஸபோனை வாயில் வைத்து, பிலோமினாக்காவின் குரலுக்குக் கீழே மெதுவாக நுழைந்தார். பாறூக்கும் சேர்ந்தார். மாஸ்டருக்கு எல்லாம் விளங்கும். என்னை ஒருமுறை பார்த்தார், அக்கோடியனை விரித்தார். பிலோமினாக்கா திரும்பியும் பார்க்காமல் அந்த அடியை இரண்டாம் முறை பாடினார். முடிகிறபோது சம்மாட்டியார் பிரம்பை மணலில் குத்திக் குத்திப் போய்க்கொண்டிருந்தார்.

"அந்த ஐயாவுக்குப் பாட்டு நல்லாப் பிடிச்சிட்டுது போல," என்று நிமால் சிங்களத்தில் மாஸ்டரிடம் சொன்னாராம்.

அன்று பிலோமினாக்கா வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விசயம் வெளியே வந்தது. தோணிப் பாய் கிழிந்திருக்கிறது, காற்று மாறுகிறது, போகமாட்டோம் என்று ஆட்கள் மறுத்தபோது, விரட்டி அனுப்பியவர் வஸ்தியாம்பிள்ளையின் தகப்பன், அந்த நாள் பெரிய சம்மாட்டியார். தோணி திரும்பாமல் போக, சலேத்தம்மா அவர் வீட்டு வாசல் படலையடியில் நின்று நான்கு அடியையும் பாடினார். அதன் பிறகு அந்த வீட்டுத் தோணி மீன் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிக் கரைகளில் மீன் வாங்கித்தான் காயவைத்தார். அந்த வீட்டில் வேலை செய்து தின்ற சனம் முதல் மூன்று அடியை வைத்துக்கொண்டு நான்காவதை விட்டுவிட்டது.

"எங்கட அம்மா அழுதவ எண்டு எல்லாரும் பாடுறாங்கள்," என்றார் பிலோமினாக்கா. "அவ அழேல்லை. கேட்டவ. நாலையும் பாடுறதெண்டால் பாடு. மூண்டுதான் எண்டால் அவவின்ர பேரைப் போடாதே."

"நாலாவதை நீங்கள்தான் பாடவேணும் அக்கா."

"நானோ? கொழும்பிலயோ?" கொஞ்சம் யோசித்தார். "ரயிலில கருவாட்டுச் சிப்பம் ஏத்த விடுவாங்களோ? வெறுங்கையோட வந்து என்ன செய்யிறது?"

கொழும்பில் கசற் வெளியிட ஒத்துக்கொண்டிருந்த முதலாளிக்கு அதற்குள் செய்தி எட்டிவிட்டது. சம்மாட்டியாரின் சொந்தக்காரர் யாரோ கதைத்திருக்கவேண்டும். எங்களை இருத்திக் குளிர்பானம் தந்து, நான்காவது அடி வேண்டாம் என்றார். வீண் பகை. அட்டையில் சலேத்தம்மாவின் பெயரும் வேண்டாம், அவரை யாருக்குத் தெரியும்? என் படத்தைப் போடலாம், ஹோட்டலில் உடுத்துகிற கவுனோடு.

மாஸ்டர் மேசையில் இருந்த இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தார். முதலாளி கதைத்துக்கொண்டே இருந்தார். கதைத்துக் கதைத்துக் களைத்து, "என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டார்.

"அப்ப இது உங்கட கசற் இல்லை," என்றார் மாஸ்டர். எழும்பினோம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில், யன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டு, நாங்களே பதிந்தோம். தெரிந்த ஒருவர் ஒலிப்பதிவு செய்து தந்தார். ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். பிலோமினாக்கா கூறைச் சீலை உடுத்து வந்திருந்தார். கருவாட்டுச் சிப்பமும் வந்திருந்தது, அறை மணத்தது. மூன்று அடியை நான் பாடி விலக, அவர் மைக்குக்கு முன்னால் வந்தார். பழையபடி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினார்.

ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றினார். "நல்லாயிருக்கு அம்மா. கைக்காப்புச் சத்தம் விழுந்திட்டுது. காப்பைக் கழட்டிப்போட்டு இன்னொருக்காப் பாடுங்கோ."

"ஏன்? நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்குது. ஆனால்..."

"அப்ப விடுங்கோ. எங்கட அம்மா அந்தப் படலையில ஒருக்காத்தான் கேட்டவ."

ஒலிப்பதிவாளர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பியானோ மூடியைச் சாத்தி, "காணும்," என்றார். காப்புச் சத்தம் அந்தக் கசற்றில் இன்றும் கேட்கிறது.

அட்டையில் படம் இல்லை. சலேத்தம்மா என்ற பெயர் மட்டும், பெரிய எழுத்தில். கொழும்பில் சிலர் இது ஜாஸே இல்லை என்றார்கள். மன்னாரில் சிலர் இது எங்கள் பாட்டே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியதில் எனக்கு இன்றுவரை ஒரு திருப்தி. ஒருவருக்கும் வால் பிடிக்கவில்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தக் கரைத் திருநாளில் ஒலிபெருக்கியில் அதைப் போடக்கூடாது என்று சம்மாட்டியார் தடுத்தார். பிறகு நாட்டில் சண்டை வந்தது, சனம் இடம்பெயர்ந்தது. சீலைக்குள் சுற்றி அந்தக் கசற்றைக் கொண்டுபோனோம் என்று சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். மாஸ்டரும் நிமாலும் பாறூக்கும் இன்றைக்கு இல்லை, பிலோமினாக்காவும் இல்லை.

அந்த மனுசன் கூட்டத்தில் இதைக் கெடுத்தல் என்றார். சலேத்தம்மா பாடியதில் ஓர் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்ததற்கு அவர் என்ன பெயர் வைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்களுடைய சக்ஸபோன் வந்த பிறகுதான் அந்தப் பாட்டு முழுசாகியது. இதை எந்த மேடையிலும் சொல்வேன், மைக் தந்தாலும் தராவிட்டாலும்.

கசற் வந்த புதிதில் நடந்த ஒன்றைப் பிலோமினாக்கா எனக்குச் சொன்னார். திருநாளில் போட விடவில்லை என்றதும், கசற் பெட்டி ஒன்றை வாங்கிச் சந்தைக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்தால் அதையும் திறப்பார். ஒருநாள் வஸ்தியாம்பிள்ளை சம்மாட்டியார் சந்தைக்கு வந்தார். சனம் பார்த்துக்கொண்டு நிற்கக் கடைக்கு முன்னால் வந்து நின்றார். தோணிப் பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"உந்தப் பாட்டை நிப்பாட்டு, பிலோமினா," என்றாராம்.

"நான் கேட்டன்," என்றார் பிலோமினாக்கா, "'ஐயா, உங்களுக்குக் கட்டாவோ பாரையோ?' எண்டு. மனுசன் அங்க இஞ்ச பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம். வாங்க வந்தவர் மாதிரி நிக்கிறதைத் தவிர வேற வழி இல்லை. 'கட்டா' எண்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, தராசில வைச்சு நிறுத்தன். ஒரு துண்டு வைச்சன், ஒரு துண்டு எடுத்தன். படிக்கல்லை மாத்தினன். திரும்ப வைச்சன். கட்டாவில நல்ல துண்டாப் பார்த்து, ஆறுதலா, ஐயாவுக்கு ஒரு குறையும் விடாமல் நிறுத்தன்." பிலோமினாக்கா காப்புக் கையை விரித்துக் காட்டினார். "நான் நிறுத்து முடிய, நாலாவது அடியும் முடிஞ்சுது."